நெடுஞ்சாலையைப் பெயர்த்துத் தண்ணீர் விட்ட ஊர்

நெதர்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாமில் படகு ஏறி, ஓரிரு அருங்காட்சியகங்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் உட்ரெக்ட் பக்கம் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஐந்தோவனில் வேலை பார்க்கும் என் தங்கை, "அண்ணா, அந்த ஊரைப் பார்க்காம உன்னை அனுப்ப மாட்டேன்" என்று பிடிவாதமாக நின்றதால் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். இப்போது யாராவது ஒரே ஒரு கால்வாய் நகரத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று கேட்டால், நான் உட்ரெக்டைத்தான் சொல்வேன்.

ரயில் நிலையத்தை ஒட்டியே பெரிய வணிக வளாகம். அதற்கு அடியில் புகுந்து போகிறது கத்தரைனசிங்கல் என்ற கால்வாய். பழைய நகரத்தைச் சுற்றியிருந்த அகழியின் ஒரு பகுதி இது. 1970களில், கார்கள் நகருக்குள் தாராளமாக வந்து போகட்டும் என்று இந்தப் பகுதியைத் தூர்த்து அகலமான நெடுஞ்சாலை போட்டுவிட்டார்கள். 2002இல் நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. தண்ணீரைத் திரும்பக் கொண்டுவரும் திட்டத்தை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2010இல் அந்தச் சாலையை மூடினார்கள். அப்புறம் பகுதி பகுதியாகத் தோண்டி, 2020 செப்டம்பரில் கடைசித் துண்டிலும் தண்ணீர் விட்டார்கள். இன்று படகில் ஏறினால் பழைய நகரத்தை முழுச் சுற்றாகச் சுற்றி வந்துவிடலாம்.

பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தேன். இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் துடுப்புப் படகில் போய்க்கொண்டிருந்தது. கரையில் புல்லும் நாணலும். விவரம் தெரியாதவர்கள் இங்கே கார்கள் பறந்தன என்றால் நம்ப மாட்டார்கள். போட்ட சாலையை அகலப்படுத்துவார்கள், மேம்பாலம் கட்டுவார்கள், அதுதான் நான் எங்கும் கண்டது. பெயர்த்தெடுத்துத் தண்ணீர் விட்டதைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

ஊரின் நடுவே ஓடுவது அவுடகிராக்ட், அதாவது பழைய கால்வாய். மற்ற ஊர்களில் தெருவும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். இங்கே தெரு ஒரு மாடி உயரத்தில் போகிறது. படிக்கட்டில் இறங்கினால் தண்ணீரை ஒட்டிக் கல் பாவிய படித்துறை. அதன் பின்சுவரில் வரிசையாக வளைவுக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும், நாம் சற்று முன் நடந்து வந்த அதே தெருவுக்கு அடியில், செங்கல் வளைவுக்கூரை போட்ட நிலவறை.

இது அழகுக்காகக் கட்டியது இல்லை. 1122இல் உட்ரெக்ட் நகர உரிமை பெற்றது. ரைன் ஆற்றின் கிளையை ஊருக்குத் தென்கிழக்கே அணை கட்டி மறித்ததும் அந்தக் காலத்தில்தான். ஆற்று நீர் குறைந்ததால் கால்வாயின் மட்டமும் இறங்கியது. வியாபாரிகளின் வீடுகள் மேலே, சரக்குப் படகுகள் கீழே. மூட்டைகளைத் தெருவுக்குத் தூக்கி மறுபடி வீட்டு நிலவறைக்கு இறக்குவானேன் என்று, தெருவுக்கு அடியிலேயே குடைந்து நேராகப் படித்துறைக்கு வழி வைத்துவிட்டார்கள். அந்த வழிகள்தான் காலப்போக்கில் அகன்று அறைகளாயின.

அப்படி ஒரு நிலவறை உணவகத்தில்தான் மதியச் சாப்பாடு. சுவரில் கை வைத்தால் சில்லென்று ஈரம் ஒட்டியது. சீஸும் காளானும் போட்ட பான்கேக் வந்தது, நம் ரோஸ்ட் தோசை அகலத்துக்கு. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலைப்படாமல் போகலாம். வெளியே மேசை போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தோம். படித்துறையில் நட்ட மரங்களின் உச்சி மேல் தெருவில் நடப்பவர்களின் தலைக்கு மேல் விரிந்திருக்கிறது. கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே சைக்கிள் சக்கரங்கள் ஓயாமல் உருண்டுகொண்டே இருந்தன.

தெருவே வெற்றிடத்தின் மேல் நிற்பதால் கனமான லாரிகளுக்கு இங்கே அனுமதி இல்லை. அதனால் கடைகளுக்கான பீர் பீப்பாய்களும் மற்ற சாமான்களும் படகில் வருகின்றன. 1996இல் நகராட்சி இதற்கென்றே ஒரு படகு விட்டது. 2010 முதல் மின்சாரப் படகு. எந்த வேலைக்காகப் படித்துறை கட்டினார்களோ, அந்த வேலை இன்னும் நடக்கிறது. உட்ரெக்டில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இதுதான்.

டோம் கோபுரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 112 மீட்டர், நெதர்லாந்திலேயே உயரமான தேவாலயக் கோபுரம். 465 படிகள்; வழிகாட்டியோடுதான் ஏற முடியும். அன்றைக்கு இடம் கிடைக்கவில்லை. கோபுரம் ஒருபக்கம், தேவாலயம் இன்னொரு பக்கம், நடுவில் வெறும் சதுக்கம். 1674 ஆகஸ்ட் 1 அன்று அடித்த புயலில் நடு மண்டபம் சரிந்துவிட்டது. பணத் தட்டுப்பாட்டால் தாங்கு சுவர்கள் சரியாகக் கட்டாமல் விட்ட பகுதி அது. திரும்பக் கட்டவே இல்லை. இடிபாடுகள் ஒன்றரை நூற்றாண்டு அங்கேயே கிடந்தனவாம்.

மாலையில் வடக்கே நடந்து வேர்ட் மதகுக்குப் போனோம். வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிட ஆழமில்லாத நீர்நிலைகளைத் தேடி நகரத்தின் வழியாகப் போகும். அந்த நேரம் படகுப் போக்குவரத்து குறைவு என்பதால் மதகு மூடியே கிடக்கும். வாசலில் கூட்டமாகக் காத்திருக்கும் மீன்களை நீர்ப்பறவைகள் கொத்திக்கொண்டு போய்விடும். இதற்காக 2021இல் தண்ணீருக்குள் கேமரா வைத்து, இணையத்தில் நேரலையாகக் காட்டத் தொடங்கினார்கள். மீனைக் கண்டதும் திரையில் உள்ள மணியை அழுத்தினால் படம் பதிவாகிப் போய்ச் சேரும். மீன்கள் சேர்ந்துவிட்டன என்று தெரிந்ததும் மதகுக்காரர் வந்து கதவைத் திறந்துவிடுவார்.

நாங்கள் கரையில் நின்றுகொண்டே போனில் அந்த நேரலையைத் திறந்தோம். பச்சைக் கலங்கல்தான் வெகுநேரம் தெரிந்தது. திடீரென்று வரிவரியான உடம்போடு ஒரு பெர்ச் மீன் கேமராவை உரசிக்கொண்டு வந்தது. "அண்ணா, அழுத்து, அழுத்து!" என்று தங்கை கத்தினாள். அழுத்தினேன். மார்ச்சில் தொடங்கி மே வரை இந்த மணி இயங்கும். இதற்கு நெதர்லாந்து வரை போகவேண்டும் என்று இல்லை. எந்த ஊரில் இருந்தும் அழுத்தலாம், காசும் கிடையாது.