பெயர் போடாத புத்தகம்

கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்தபோது ஹாப்ஸ், லாக், ரூசோ ஆகிய சிந்தனையாளர் மூவரையும் ஓர் அட்டவணையின் மூன்று கட்டங்களில் அடைத்து, இயற்கை நிலை, ஒப்பந்தம், இறையாண்மை என்று மனப்பாடம் செய்தோம். மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் ஜான் லாக்கின் வாதம் எத்தகைய ஆபத்துக்கு நடுவே எழுந்தது என்பதை அந்த அட்டவணை சொல்லவில்லை. அது தெரிந்த பிறகுதான் அவர் எனக்கு விளங்கத் தொடங்கினார்.

இங்கிலாந்தில் 1680இல் ராபர்ட் ஃபில்மரின் 'பேட்ரியார்க்கா' என்ற நூல், அவர் இறந்து கால் நூற்றாண்டுக்கும் மேலான பிறகு, அச்சேறியது. கடவுள் ஆதாமுக்கு அளித்த தந்தையதிகாரமே வழிவழியாக அரசர்களிடம் வந்திருக்கிறது, ஆகவே மனிதர்கள் பிறக்கும்போதே அடங்கியவர்களாகத்தான் பிறக்கிறார்கள் என்பது அதன் சாரம். 'ஆட்சி பற்றிய இரண்டு ஆய்வுரைகள்' என்ற லாக்கின் நூலில் முதலாவது உரை முழுக்க இதற்கு மறுப்பு. ஆதாமின் வாரிசு இன்னார் என்றே தெரியாதபோது அந்த உரிமை எந்த அரசருக்குப் போய்ச் சேரும் என்று அவர் விடாமல் கேட்பது, வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்த எவருக்கும் சிரிப்பை வரவழைக்கும்.

ஃபில்மருக்கு மறுப்பு எழுதுவது அன்று விளையாட்டல்ல. ஆல்ஜெர்னான் சிட்னி என்ற அரசியல்வாதியும் ஒரு மறுப்பு எழுதிக்கொண்டிருந்தார். 1683இல் அரசர் இரண்டாம் சார்லஸைக் கொல்லச் சதி செய்ததாக அவர் கைதானார். ராஜத்துரோகத்தை மெய்ப்பிக்க இரு சாட்சிகள் வேண்டும். அரசுத் தரப்புக்கு ஒருவரே கிடைத்தார். சிட்னியின் வீட்டில் எடுத்த, அச்சேறாத அந்த மறுப்பின் கையெழுத்துப் பிரதியையே இரண்டாவது சாட்சியாக ஏற்ற நீதிபதி ஜெஃப்ரீஸ், எழுதுவதும் செயலே என்றார். டிசம்பரில் சிட்னியின் தலை வெட்டப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பே லாக் ஹாலந்துக்குத் தப்பிவிட்டார். மறு ஆண்டு, அரசரின் ஆணைப்படி, ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்கிருந்த இடமும் பறிபோனது. தன் நூலின் பெரும்பகுதியை அவர் அதற்கு முன்பே எழுதிவிட்டார் என்றே ஆய்வாளர் பலர் இன்று கருதுகின்றனர்.

இந்தப் பின்னணியில்தான் இரண்டாம் ஆய்வுரையின் மையத்தைப் படிக்க வேண்டும். உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றைக் காக்கவே மக்கள் இசைந்து ஆட்சியை ஏற்படுத்துகிறார்கள்; அந்த நம்பிக்கையை முறித்துச் சட்டத்துக்குப் புறம்பாக வன்முறையைக் கையிலெடுக்கும் ஆட்சியாளன், ஆட்சி ஏற்பட்டதால் முடிந்துபோன போர் நிலையைத் திரும்பக் கொண்டுவருகிறான். கலகம் என்பதற்கான லத்தீன் சொல்லின் வேர்ப்பொருளே மீண்டும் போரிடுவது என்பதால், உண்மையான கலகக்காரன் அவனே என்கிறார் லாக். சிட்னி மேல் சுமத்திய குற்றச்சாட்டு அப்படியே சிம்மாசனத்தை நோக்கித் திரும்புகிறது. ஹாப்ஸையும் பயமே எழுதவைத்தது. ஆனால் 1651இல் 'லெவியதன்' வெளியிட்ட அவருக்கு உள்நாட்டுப் போர் மீதே பயம்.

இங்கிலாந்தில் 1688இல் நடந்த புரட்சிக்குப் பின், 1689 பிப்ரவரியில், லாக் நாடு திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் நூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. நெருங்கிய நண்பர்களிடம்கூட ஒப்புக்கொள்ளாத அவர், 1704இல் இறக்கும் தறுவாயில், உயிலின் பின்னிணைப்பில்தான் அதைத் தன்னுடையது என்றார். 1776இல் அமெரிக்கர்கள் தம் விடுதலைப் பிரகடனத்தில் அரசரின் 'நீண்ட தொடரான அத்துமீறல்களை'ப் பட்டியலிட்டபோது, அந்தச் சொற்றொடரே லாக்கினுடையதுதான்.

எனினும் அவரை முழு மனதோடு கொண்டாட எனக்கு முடிவதில்லை. 1669இல் வட அமெரிக்காவின் கரோலினா குடியேற்றத்துக்கு உருவான அரசமைப்பு, ஒவ்வொரு சுதந்திர மனிதனுக்கும் தன் கறுப்பின அடிமைகள் மீது முழு அதிகாரம் உண்டு என்றது. அந்தக் குடியேற்றத்தின் உரிமையாளர்களிடம் செயலராக இருந்தவர் லாக். அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியிலும் பணம் போட்டிருந்தார். முதல் ஆய்வுரையோ, அடிமைத்தனம் மிக இழிவான நிலை என்று கண்டித்தே தொடங்குகிறது. அதே வாக்கியம், அதற்காக ஓர் ஆங்கிலேயன் வாதாடுவான் என்று எண்ணவே முடியவில்லை என்று முடிகிறது. ஓர் ஆங்கிலேயன் என்றுதான் எழுதியிருக்கிறார்.