இரண்டாம் தொட்டி

ஏப்ரல் 19, 2025, சனி

கஞ்சாச் செடி மூன்றும் முளைத்து 27 நாள். முதலாம் தொட்டியில் ஆறு கணு, இரண்டாம் தொட்டியில் ஐந்து, மூன்றாவதில் ஆறாவது வருகிற மாதிரி இருக்கிறது. நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற பத்து மடங்குக் கண்ணாடியோடு முக்கால் மணி நேரம் முழங்காலில் நின்றேன். ஆணோ பெண்ணோ என்று காட்டுகிற மொட்டு ஒன்றும் இல்லை. எழும்பத்தான் பெரும்பாடாகிப் போனது.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் திங்கள். எல்லாம் பூட்டு. நாளைக்குத்தான் ஆஸ்பத்திரியில் தொலைபேசியை ஆட்கள் எடுப்பார்கள்.

விதைப் பொட்டலத்தைத் திரும்பவும் வாசித்தேன். பெண்ணாக்கிய விதை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. மகன் சிரிக்கிறான். "பொம்பிளை எண்டு காசு குடுத்து வாங்கிப்போட்டு, பிறகென்னத்துக்கப்பா ஆணோ பெண்ணோ எண்டு பாக்கிறியள்?"

நியாயமான கேள்விதான். ஒரு பெண் செடிக்கு வெள்ளி தயோசல்பேட்டு தெளிப்பார்கள். வெள்ளி, எத்திலீன் என்கிற செடி ஹோர்மோனை வேலை செய்ய விடாது. எத்திலீன் அடங்கினால் அந்தப் பெண் செடியே மகரந்தப்பை வைக்கும். அந்த மகரந்தத்தில் எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான், ஆணுக்குரிய ஒய் கிடையாது. அதை இன்னொரு பெண்ணில் போட்டால் விதை எல்லாம் எக்ஸ் எக்ஸ். கணக்குச் சரி. ஆனால் அந்தத் தாய்ச் செடியிலும்தான் ஒய் இருக்கவில்லை. ஒய் இல்லாமலே அது ஆண் பூ வைத்ததே! இதைச் சொன்னதும் மகன் வேறு கதைக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அழைப்பு வரவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டாம் தொட்டி. ஐந்தாம் கணு. தண்டும் இலைக்காம்பும் சேரும் மூலையில் ஒரு மொட்டு.

முதலில் இலையடிச் செதில் என்றுதான் நினைத்தேன். அது எல்லாச் செடியிலும் இருக்கும், பச்சையாக, கூராக, கத்தி மாதிரி. புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏமாறுகிற இடம் அதுதான். செதிலைக் குச்சியால் மெல்ல விலக்கிப் பார்த்தேன். பின்னால் வேறொன்று இருக்கிறது. பெண் என்றால் நீர்த்துளி மாதிரி நுனி ஒடுங்கி, நுனியிலிருந்து இரண்டு வெள்ளை முடி எட்டிப் பார்க்க வேண்டும். ஆண் என்றால் சின்னக் காம்பில் உருண்டை. இது உருண்டையும் இல்லை, துளியும் இல்லை. முடியும் இல்லை. காம்பு இருக்கிறதா? ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் இருக்கிறது. மற்றப் பக்கத்திலிருந்து பார்த்தால் இல்லை.

முடி பிந்தி வரலாம். பெண் மொட்டு சில நாள் முடியில்லாமல் நிற்பதுண்டு. ஆண்தான் வழக்கமாக முந்திக் காட்டும். முந்திக் காட்டியது இரண்டாம் தொட்டி. அதுதான் என்னைத் தின்கிறது.

இரவு 11 மணிக்குத் திரும்பப் பார்த்தேன். அதே.

ஏப்ரல் 25, வெள்ளி

நோ குறையவில்லை. நித்திரை மூன்று மணி நேரம்.

இலைத் துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் ஒய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வார்களாம். இல்லை என்று எனக்கே தெரியும். அது நாளைக்கு என்ன செய்யும் என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். ஆய்வுகூடங்கள் எல்லாம் இப்படித்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பேத்தி வந்திருந்தாள். அறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஜேர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஆள் ஒருவர் மூன்று செடி வைக்கலாம், பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது. "சாமி அறைக்குப் பக்கத்திலயோ வைக்கவேணும்?" என்று மனைவி இன்றும் கேட்டாள். வேறு அறை எங்கே இருக்கிறது?

பின்னேரம் மேல்வீட்டுக் கிழவர் இறங்கி வந்தார். வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காட்டில் மரத்தை மொத்தமாக வெட்டாமல் அங்கங்கே பார்த்து எடுப்பதற்கு ஃபெமெல் வெட்டு என்று பெயராம். அந்தச் சொல் வந்ததே இந்தச் செடியிலிருந்துதானாம். நாருக்காகப் பயிரிட்ட காலத்தில் முந்தி முற்றுகிற மெலிந்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள், அதற்கு ஃபெமெல் என்று பெயர். லத்தீனில் பெண் என்கிற சொல்லிலிருந்து வந்தது. ஆனால் பிடுங்கியது எல்லாம் ஆண் செடி! மெலிந்திருந்தால் பெண், தடித்துக் காய்த்தால் ஆண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

விதையைச் சுமந்து நிற்கிறதைப் பார்த்து ஆண் என்றவர்கள். நான் ஒரு மொட்டுக்குக் குழம்புவது பெரிய விஷயமில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ட்யூபிங்கன் ஆஸ்பத்திரி. அறிக்கை இன்னும் வரவில்லையாம். இரத்தம் மட்டும் எடுத்தார்கள். பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பழைய தாவரவியல் தோட்டத்து வாங்கில் இருந்தேன்.

இந்த ஊர் பல்கலைக்கழகத்தில்தான் கமெராரியுஸ் இருந்தார். செடிகளில் ஆண் பெண் உண்டு என்று பரிசோதனை செய்து 1694-இல் எழுதியவர். ஆமணக்கில் ஆண் பூக்களை நுள்ளிவிட்டால் விதை வராது என்று காட்டினார். பெண் கஞ்சாச் செடிகளை ஆண் இல்லாத இடத்தில் தனியே வைத்தார். அவை விதை வைத்துவிட்டன. நல்லாய்ப் போய்க்கொண்டிருந்த கணக்கைக் கெடுத்த செடி. மகரந்தம் எங்கிருந்தோ பறந்து வந்ததா, அந்தப் பெண்ணே ஓர் ஆண் பூ ஒளித்து வைத்திருந்ததா? 331 வருடமாகியும் நான் அதே கேள்வியோடு வாங்கில் இருக்கிறேன்.

அம்மா என்றால் பரிசோதனை எல்லாம் இல்லை. பப்பாசியில் நீளக் காம்போடு பூ தொங்கினால் அன்றைக்கே கத்தி. பனை என்றால் 12, 15 வருடம் காத்திருக்க வேண்டும். வடலியைப் பார்த்து ஒருவரும் பதறியதில்லை.

ஏப்ரல் 30, புதன்

முதலாம் தொட்டி, ஆறாம் கணு. இரண்டு வெள்ளை முடி! பின்னேரம் மூன்றாம் தொட்டியிலும். இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கறுவாப்பட்டையில பூஞ்சணம் பிடிச்சமாதிரிக் கிடக்கு" என்றாள்.

இரண்டாம் தொட்டி: அதே மொட்டு. அதே மொட்டை.

மே 1, வியாழன்

விடுமுறை. அழைப்பு வராது. இருந்தும் தொலைபேசியைக் குளியலறைக்குக் கொண்டுபோனேன்.

மே 2, வெள்ளி

விளக்கை 18 மணி நேரத்திலிருந்து 12-க்கு மாற்றலாமா? மாற்றினால் பூப்பு தொடங்கும். ஆனால் இருட்டு நேரத்தில் கதவிடுக்கால் வெளிச்சம் வந்தால் பெண் செடி மிரண்டு நடுப்பூவில் மஞ்சளாக மகரந்தப்பை நீட்டும். வளர்க்கிறவர்கள் அதை வாழைப்பழம் என்பார்கள். ஒரு வாழைப்பழம் போதும், மூன்று தொட்டியும் விதையாகிவிடும். கதவிடுக்குக்குக் கறுப்புத் துணி ஒட்டினேன். உள்ளே நின்று விளக்கை அணைத்துப் பார்த்தேன். கீழ் மூலையால் ஒரு கோடு. திரும்ப ஒட்டினேன். திரும்பக் கோடு. இவள் வெளியில் நின்று, "இஞ்சாருங்கோ, இருட்டுக்குள்ள என்ன செய்யிறியள்?" என்றாள். ஏனோ அழுகை வந்தது. துணியைக் குற்றம் சொன்னேன்.

மே 3, சனி

சனிக்கிழமையில் அழைத்திருக்கிறார்கள். திங்கள் காலை ஏழரைக்கு, வெறும் வயிற்றோடு. உடுப்புப் பை கொண்டுவரட்டாம். எத்தனை நாள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள்.

விளக்கு 18-இலேயே இருக்கட்டும்.

மே 4, ஞாயிறு

கண்ணாடியை எப்படிப் பிடிப்பது என்று இவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். கண்ணோடு ஒட்டிப் பிடித்து, செடியை நோக்கித் தலையைக் கொண்டுபோக வேண்டும். செதிலைக் கண்டு ஏமாறாதே, அதற்குப் பின்னால் பார் என்றேன். கனநேரம் மூச்சுப் பிடித்துப் பார்த்தாள். இரண்டாம் தொட்டியில் ஒரு முடி தெரிகிறதாம், வெள்ளையாம், மயிரிலும் மெல்லிசாம். நான் பார்த்தால் இல்லை. திரும்ப அவள் பார்த்தாள், இருக்கிறதாம். என் கண்ணாடியில் ஆவி பிடித்திருந்தது. துடைத்துவிட்டு