ஹோமர் விட்டுவைத்த இடங்கள்

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் கிரேக்கப் புராணத்தைத் திருப்பி எழுதிய நாவல்கள் குவிந்து கிடக்கின்றன. மேட்லின் மில்லர் 2011-ல் எழுதிய ‘தி சாங் ஆஃப் அக்கிலீஸ்’, பத்து வருடம் கழித்து டிக்டாக் புண்ணியத்தில் திரும்ப விற்க ஆரம்பித்ததும் வந்த கூட்டம் இது. கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் அதைப் படித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்து அழுதாள். “சித்தி, பேட்ரோக்ளஸ் செத்துடுவான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?” அக்கிலீஸின் உயிர்த்தோழன் பேட்ரோக்ளஸ், ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியடிலேயே செத்துப்போனவன். கிட்டத்தட்ட 2,700 வருஷமா ஊருக்கே தெரியும்டி என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். இந்த வகை நாவல்கள் பலவற்றில் நடப்பது ஒன்றுதான். மூலத்தில் ஓரமாக நிற்கும் ஒரு பெண்ணைப் பிடித்து, ‘நான்’ என்று பேச வைத்து, தெரிந்த கதையைத் தெரிந்த வரிசையில் சொல்லிவிடுவது. கோபம் இருக்கும், அழகான கடற்கரை வர்ணனை இருக்கும், முடித்து மூடியதும் இலியட் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். எனக்கு அது போதவில்லை. மூலத்தை மறுபடி எடுத்துப் படித்தால் அது வேறு மாதிரி தெரிய வேண்டும். அதற்கு எழுதுகிறவர் மூலத்திலேயே விரிசல் விட்டிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இலியடின் 19-வது காண்டத்தில் அப்படி ஒரு இடம் இருக்கிறது. பிரைசீஸ், அக்கிலீஸ் போரில் பிடித்து வந்த பெண். அவளால்தான் அவனுக்கும் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானுக்கும் சண்டை, அதாவது முழுக் காவியமும். ஆனால் அவள் வாய் திறப்பது ஒரே ஒரு முறை, பேட்ரோக்ளஸின் பிணத்தின் மீது விழுந்து அழும்போது. என் கணவன் என் கண்முன்னே வெட்டுப்பட்டுக் கிடந்தான், கூடப் பிறந்த மூன்று பேரும் போனார்கள், நீ மட்டும்தான் என்னிடம் எப்போதும் மென்மையாக இருந்தாய் என்று அழுகிறாள். அதற்கு அடுத்து ஹோமர் ஒரு வரி சொல்கிறார்: சுற்றி நின்ற பெண்களும் அழுதார்கள், வெளியே பேட்ரோக்ளஸுக்காக, உள்ளே ஒவ்வொருத்தியும் தன் துயரத்துக்காக. நம் ஊர் எழவு வீட்டு ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. யாரோ செத்த வீட்டில் போய் உட்கார்ந்து, பத்து வருடம் முன்பு போன தன் பிள்ளையைச் சொல்லி அழுவார்களே, அதேதான்.

பேட் பார்க்கர் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்’ நாவலை (2018) இங்கிருந்துதான் கட்டினார் என்று நான் நினைக்கிறேன். காவியத்தின் உச்சம் என்று எல்லோரும் சொல்லும் காட்சியில், ட்ராயின் கிழ ராஜா ப்ரையம் தன் மகனைக் கொன்ற அக்கிலீஸின் கையை முத்தமிட்டு, இதுவரை யாரும் செய்யாததைச் செய்கிறேன் என்கிறார். பக்கத்தில் நிற்கும் பிரைசீஸ் மனதுக்குள் நினைக்கிறாள்: எத்தனையோ பெண்கள் செய்ததைத்தான் நானும் செய்கிறேன், என் கணவனையும் சகோதரர்களையும் கொன்றவனோடு படுக்கிறேன். இதைப் படித்த பிறகு ப்ரையமின் துக்கம் குறையவில்லை. ஆனால் அந்தக் கூடாரத்தில் இன்னொரு ஆளும் இருந்தாள் என்பதை இனி மறக்க முடியாது.

மார்கரெட் அட்வுட் ‘தி பெனலோபியட்’ நாவலில் (2005) எடுத்துக்கொண்டது, ட்ராய் போர் முடிந்து ஒடிஸியஸ் வீடு திரும்புவதைச் சொல்லும் ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸியின் 22-வது காண்டம். அவன் மனைவி பெனலோபியைப் பெண் கேட்டு வந்து வீட்டில் தங்கிவிட்டவர்களைக் கொன்று முடித்ததும், அவர்களோடு படுத்த பன்னிரண்டு பணிப்பெண்களைப் பிணங்களைத் தூக்கவும் ரத்தம் கழுவவும் வைத்துவிட்டு, மகன் டெலிமாக்கஸ் ஒரே கயிற்றில் தூக்கில் போடுகிறான். கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, அதிக நேரமில்லை. அட்வுட் கதையில் அந்தப் பெண்கள் பெனலோபி சொல்லித்தான் அவர்களிடம் உளவு பார்த்தார்கள். அந்த உண்மையை அவள் உரிய நேரத்தில் வெளியே சொல்லவில்லை. பத்தினி என்று பெயரெடுத்தவளைப் பேச வைத்துவிட்டு நம்மை அவளையே சந்தேகப்பட வைக்கிறார் பாருங்கள், அதற்குத் துணிச்சல் வேண்டும்.

மில்லரின் ‘சர்ஸி’ (2018) எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒரு மனத்தாங்கல். ஹோமரில் சர்ஸி என்ற மந்திரக்காரி தன் தீவுக்கு வந்தவர்களைப் பன்றியாக்குகிறாள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை, அதனால்தான் பயமாக இருக்கிறது. மில்லர் ஒரு காரணம் தருகிறார், தீவுக்கு வந்த மாலுமிகளின் தலைவன் அவளை வன்புணர்ந்தான் என்று. நியாயம் கிடைத்தது, பயம் போய்விட்டது.

கிரேக்க தெய்வங்களோடு எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி, அவற்றை இன்று கும்பிடுகிற கூட்டம் மிகக் குறைவு. நமக்கு அப்படி இல்லை. ஆனால் கும்பிடுகிறவர்கள் கதையை மாற்றுவதில்லை என்று யாராவது சொன்னால் அவர்களைப் பெங்களூரு கரகத் திருவிழாவுக்கு அழைத்துப் போக வேண்டும். மகாபாரதத்தின் கடைசியில் பாண்டவர்கள் இமயம் ஏறும்போது முதலில் விழுவது திரௌபதி. ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்கிறான், அர்ச்சுனன் மேல் அவளுக்குக் கூடுதல் பிரியம் என்று சொல்லிவிட்டுத் தர்மர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்கிறார். திகளர்பேட்டை தர்மராயர் கோயில்காரர்களின் கதை சரியாக இங்கேதான் தொடங்குகிறது. விழுந்தவள் கண் விழித்தாள், எதிரே திமிராசுரன் நின்றான், அவள் சக்தியாகி வீரகுமாரர்களைப் படைத்து அவனை அழித்தாள், ஒவ்வொரு வருடமும் வருவதாகச் சொல்லிப் போனாள். சைத்ர மாதப் பௌர்ணமி ராத்திரி கத்தி ஏந்தி ஓடும் அந்த வீரகுமாரர்கள் நடுவே, பெண் வேடமிட்ட பூசாரி தலையில் மல்லிகைக் கரகத்தோடு வருவார். புருஷன் கைவிட்ட இடத்திலேயே கதையை எடுத்துக்கொண்ட சாமர்த்தியம் எந்த நாவலாசிரியருக்கும் குறைந்ததில்லை.

சரி, புதுமைப்பித்தனைச் சொல்லாமல் விட்டால் பாவம். ‘சாபவிமோசன’த்தில் (1943) அகலிகையைக் கல்லிலிருந்து எழுப்பிய ராமனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை திரும்பக் கல்லாகிவிடுகிறாள். ஒரு சிறுகதை அளவுதான். அதற்குப் பிறகு கம்பனில் கௌதமர் ஆசிரமத்துப் பகுதி வந்தால் எனக்குப் பழையபடி படிக்க முடிவதில்லை.

எனக்கு இன்னொரு நாவல் வேண்டும். ஒடிஸியில் யூரிக்ளியா என்றொரு கிழவி வருகிறாள், இருபது மாட்டு விலைக்கு வாங்கப்பட்ட அடிமை, ஒடிஸியஸை வளர்த்தவள், காலைக் கழுவும்போது தழும்பை வைத்து அவனை அடையாளம் கண்டவள். ஐம்பது பணிப்பெண்களில் இந்தப் பன்னிரண்டு பேர்தான் என்று கை காட்டியதும் அவள்தான். அடிமை, அடிமைகளைக் காட்டிக் கொடுக்கிறாள். அட்வுட்டிடம் அவள் வருகிறாள், போகிறாள், அது எனக்குப் பத்தவில்லை. அவளை மட்டும் வைத்து முழு நாவலாக யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள். கடைசியில் அவளை நல்லவளாக்கி முடித்திருந்தால் வேண்டாம்.