58-இல் உதறிய வண்டி

"உதறல் ஐம்பத்தஞ்சுல ஆரம்பிக்குதுங்க. அறுபத்தஞ்சு தாண்டினா அடங்கிடுது. நடுவுல போறப்ப பாதம் மரத்துப்போகுது." எங்கள் ஓட்டுநர் அண்ணன் இப்படிச் சொன்னபோது வண்டி ஓசூரைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நாமக்கல்லில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு ஆறு சக்கர லாரி. சேலம் பக்கம் ஜவ்வரிசி ஏற்றிப் புனே வரை போகும், திரும்பும்போது கிடைத்த லோடை ஏற்றி வரும். லோடு வண்டிக்கு மணிக்கு 55-லிருந்து 65 கிலோமீட்டர் என்பதுதான் நாள் முழுக்க ஓடுகிற வேகம். அந்த வேகத்தில்தான் உதறல்.

உதறல் என்றதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முதலில் டயர். முன்னால் கிடந்த ரீட்ரெட் டயர் இரண்டையும் பின்னால் மாற்றிவிட்டு, முன்பக்கத்துக்குப் புது ஜோடி போட்டேன். வீல் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் பார்த்தாகிவிட்டது. மாற்ற வேண்டிய காலம்தான் என்பதால் டயர் காசைப் பற்றி வருத்தமில்லை. ஆனால் உதறல் இம்மி குறையவில்லை. அடுத்ததாக ஒரு பட்டறையில் என்ஜின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கும் என்றார்கள். அதையும் மாற்றினேன். அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் அப்பா காலத்திலிருந்து வண்டி பார்க்கும் மெக்கானிக் மாமாவிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "உதறல் ஸ்டியரிங்ல வருதா, சீட்டுல வருதா, காலடியில வருதா கண்ணு?" என்று கேட்டார். காலடியில்தான் என்றேன். "அப்ப முன் சக்கரத்த விடு. லோடுல ஜாஸ்தியா, எம்டியில ஜாஸ்தியா? எப்பல இருந்து வருது? அதுக்கு முன்னால வண்டியில என்ன வேலை நடந்துச்சு?" கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நினைவில்லை என்றேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று பிறகுதான் புரிந்தது.

அன்று மாலையே பைபாஸில் ஓட்டிப் பார்த்தோம். காலி வண்டி, சமதளம், பின்னால் யாரும் வராத இடம். 60-க்குக் கொண்டுபோய் நியூட்ரலுக்குத் தள்ளி, என்ஜினை ஐடிலில் விட்டு, வண்டியைத் தானாக உருளவிட்டார் மாமா. (இதைத் தொப்பூர் மலைப்பாதை மாதிரி இறக்கத்தில் யாரும் செய்து பார்க்கவே கூடாது.) உதறல் கொஞ்சம் தணிந்தது, ஆனால் போகவில்லை. என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதும் உதறல் இருக்கிறது என்றால் என்ஜின், கிளட்ச் பக்கம் குற்றமில்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுற்றுகிற ஏதோ ஒன்று. அதாவது ஜாயிண்ட் ஷாப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு), ஹவுசிங் (பின் அச்சில் பல்சக்கரங்கள் இருக்கும் கூடு), பின் சக்கரம் மூன்றில் ஒன்று.

மூன்றில் எது என்பதைக் கண்டுபிடிக்க உதவியது தம்பி மகன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். போனில் அதிர்வை அளக்கும் ஒரு ஆப்பைப் போட்டு, கேபின் தரையில் டேப்பால் ஒட்டினான். நான் வண்டியைச் சரியாக 58-இல் பிடித்து வைத்தேன். திரையில் இருந்த கோடு ஒரே ஒரு இடத்தில் ஊசி மாதிரி எழுந்து நின்றது. நொடிக்கு 58, 59 தடவை. 29-க்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு மேடு. வேகத்தின் எண்ணும் அதிர்வின் எண்ணும் ஒன்றாக வந்தது தற்செயல், அதில் ஏமாந்துவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தான்.

எங்கள் வண்டியின் 10.00-20 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.2 மீட்டர் உருளும். 58 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16 மீட்டர். ஆக சக்கரம் நொடிக்கு 5 சுற்று. டயரிலோ ரிம்மிலோ டிரம்மிலோ கோளாறு என்றால் உதறல் நொடிக்கு ஐந்து தடவை, உடம்பைத் தூக்கிப் போடுவது மாதிரி வரும். இடுப்பும் முதுகும் அதிகம் வாங்குவதும் அந்த மெதுவான ஆட்டத்தைத்தான். எங்களுக்கு வந்தது அது இல்லை, கூச்சம் மாதிரி ஒரு நடுக்கம். அடுத்தது ஷாப்ட். எங்கள் வண்டி ஹவுசிங்கில், சக்கரத்தைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனுக்கு 41 பல், ஷாப்டோடு சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கு 7 பல். சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாப்ட் 5.86 சுற்று சுற்ற வேண்டும். ஐந்தை அதால் பெருக்கினால் 29 சொச்சம். அந்தச் சின்ன மேடு அதுதான். பெரிய ஊசி நின்ற 58 சொச்சம் அதற்குச் சரியாக இரண்டு மடங்கு.

மாமாவுக்கு ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) எல்லாம் தெரியாது. ஆனால் "சுத்துக்கு ரெண்டு அடி" என்று அவன் சொன்னதுமே எழுந்துவிட்டார். "ஷாப்ட் பேலன்ஸ் போனா சுத்துக்கு ஒரு அடிதான். ரெண்டு அடின்னா கிராஸ் வேலை."

கிராஸ் ஜாயிண்ட் என்பது ஷாப்டின் முனையை அடுத்த பாகத்தோடு சேர்க்கும் சிலுவை வடிவ இணைப்பு. அது சாய்வாகச் சுற்றும்போது ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமெடுத்து, இரண்டு முறை தளரும். ஷாப்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு கிராஸ் அதற்கு நேரெதிராக ஏறி இறங்கி அதைச் சமன் செய்துவிடும். அதற்கு இரண்டு நிபந்தனை உண்டு. இரண்டு ஜாயிண்டின் சாய்வும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், ஷாப்டின் இரு முனையிலும் உள்ள யோக்கின் (கிராஸைப் பிடிக்கும் கவட்டை) காதுகள் ஒரே நேரில் நிற்க வேண்டும். ஷாப்டின் ஸ்லிப்பை (பல்லோடு பல் பொருந்தி முன்பின் நகரும் இணைப்பு) மாட்டும்போது காது ஒரு பல் தள்ளிப்போனால் சமன் செய்ய வேண்டியது சமன் ஆகாது.

மறுநாள் காலை, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு டார்ச்சோடு அடியில் படுத்தேன். எங்கள் வண்டிக்கு இரண்டு துண்டு ஷாப்ட், நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங். பின் துண்டின் ஸ்லிப் பகுதியில் கிரீஸும் மண்ணும் சேர்ந்து விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. டீசல் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க, குழாயில் குத்திய அம்புக்குறி ஒன்று தெரிந்தது. அதற்கு எதிரே யோக்கில் இருக்க வேண்டிய அம்பு அங்கே இல்லை. இன்னும் துடைத்தால், பக்கவாட்டில் ஒரு பல் தள்ளி நின்றது. இரண்டு அம்பும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். எங்களுடையவை பார்க்கவில்லை.

அங்கேயே படுத்துக்கொண்டு ஓட்டுநர் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஷாப்டை எப்போதாவது கழற்றினார்களா என்று கேட்டேன். "ஆமாங்க, கர்நாடகாவுல கிளட்ச் பிளேட் மாத்தினப்ப கியர்பாக்ஸ் எறக்குனாங்களே." அதே பயணத்தின் திரும்பு வழியில்தான் உதறல் ஆரம்பித்திருக்கிறது. கியர்பாக்ஸை இறக்க ஷாப்டை அவிழ்த்திருக்கிறார்கள், ஸ்லிப் தனியாகக் கழன்றிருக்கிறது, மாட்டும்போது அம்பைப் பார்க்காமல் போட்டிருக்கிறார்கள். இரவு நேரம், ரோட்டோரம், லோடு வண்டி. அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஸ்லிப்பை உருவி, ஒரு பல் திருப்பி, அம்போடு அம்பு சேர்த்துப் போட அரை மணி நேரம் ஆனது. ஆனால் மூன்று மாத உதறல் சும்மா விடவில்லை. சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பர் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. பின் கிராஸில் ஒரு கப்பின் ஊசி பேரிங் வறண்டு செம்புழுதி மாதிரி துருப்பொடி கொட்டியது. அதைக் கையில் தேய்த்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. ஓடும் வண்டியில் கிராஸ் உடைந்து ஷாப்டின் முனை ரோட்டில் குத்தினால் என்ன ஆகும் என்று லாரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்டர் பேரிங்கையும் பின் கிராஸையும் புதிதாகப் போட்டோம்.

திரும்பவும் அதே பைபாஸ், அதே 58, அதே டேப் ஒட்டிய போன். பெரிய ஊசி இல்லை. 29-இல் இருந்த சின்ன மேடு மட்டும் அப்படியே நின்றது. எனக்கு இது போதும் என்று தோன்றியது, மாமா விடவில்லை. ஷாப்டைக் கழற்றிப் பார்த்தால், குழாயில் ஒரு இடத்தில் சின்னச் சதுரமாகத் தழும்பு. பேலன்சுக்காக ஒட்டவைத்த இரும்புத் துண்டு தெறித்து விழுந்த இடம். எப்போது விழுந்ததோ. பேலன்சிங் லேத்துக்கு அனுப்பி எடை வைத்து வாங்கினோம். அதற்குப் பிறகு அந்த மேடும் கரைந்துவிட்டது.

அடுத்த புனே நடையில் தொப்பூர் ஏற்றம் தாண்டியதும் அண்ணன் கூப்பிட்டார். "கண்ணாடியில பின்னால வர்ற வண்டி நம்பர் படிக்க முடியுதுங்க" என்றார். மூன்று மாதமாக அந்த மனிதர் கலங்கிய கண்ணாடியைப் பார்த்துத்தான் ஓட்டியிருக்கிறார். என்னிடம் அதைச் சொல்லவே இல்லை.

இப்போது ஷாப்டின் எல்லா இணைப்பிலும், பிளேஞ்சிலும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஸ்லிப்பிலும், குறுக்கே வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். எந்த ஊரில் யார் கழற்றினாலும் கோட்டோடு கோடு சேர்த்துத்தான் மாட்ட வேண்டும், மாட்டியதும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். டேஷ்போர்டில் ஒரு நோட்டும் வைத்தாயிற்று: தேதி, கிலோமீட்டர், எந்த ஊர், எதைக் கழற்றினார்கள். கழற்றிய வேலை எதுவும் அதில் விட்டுப்போகக் கூடாது.