மாடு மட்டும் குடுத்தா போதாது

கிராமத்துல ஒரு ஏழைக் குடும்பத்துக்கு மாட்டைக் குடுத்து போட்டோ எடுத்துட்டு கெளம்பிடறது உதவியே இல்லங்க, பசி வந்தா அதை வித்துத்தான் சாப்பிடுவாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியுமா? பங்களாதேஷ்ல பிராக் (BRAC)ங்கற தொண்டு நிறுவனம் 2002ல ஆரம்பிச்ச திட்டம் இதை நல்லா புரிஞ்சு செஞ்சது. மொதல்ல ஊர் ஜனங்களே ஒண்ணா உக்காந்து தரையில ஊர் மேப் வரைஞ்சு எந்த வீடு ரொம்ப கஷ்டத்துல இருக்குன்னு சொல்வாங்க (எனக்கு ரொம்ப புடிச்சதே இதுதான், ஆபீஸ்ல உக்காந்து லிஸ்ட் போட்டா நாதியில்லாதவங்கதான் மொதல்ல விட்டுப்போவாங்க). அப்புறம் கால்நடை, கொஞ்ச நாளைக்கு சாப்பாட்டுச் செலவுக்கு பணம், ட்ரெய்னிங், சேமிப்பு, வாரா வாரம் வீட்டுக்கே வந்து பாக்குற ஒரு ஆள், எல்லாம் சேர்ந்து ரெண்டு வருஷம். எத்தியோப்பியா, கானா, பெரு உட்பட 6 நாட்டுல சோதிச்சு 2015ல வந்த ஆய்வுல, உதவி நின்னு ஒரு வருஷம் ஆனப்புறமும் ஒட்டுமொத்தமா அந்தக் குடும்பங்களோட நிலைமை முன்னேறித்தான் இருந்துச்சு. இந்த மாதிரி வேலைல இருக்கறவங்க செலவு மிச்சம்னு அந்த வாராந்திர விசிட்ட வெட்டிடாதீங்க, ப்ளீஸ்.