ஒன்பதாவது கேள்வியை முதலில் பாருங்கள்

மனச்சோர்வு இருக்கிறதா என்று தாங்களே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களின் கைக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது பி.எச்.க்யூ-9 படிவம். குர்ட் குரோன்கே, ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ் ஆகியோரின் 2001 ஆய்வுக்குப் பிறகு உலகமெங்கும் பரவியது. கட்டணம் கிடையாது, அனுமதியும் கேட்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். அந்த ஐந்து நிமிடத்தில் செய்யும் சின்னத் தவறுகள்தான் மதிப்பெண்ணைக் கெடுக்கின்றன.

ஒன்பது தொல்லைகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருந்தது என்று படிவம் கேட்கும்; அதுவும் கடந்த 2 வாரங்களைப் பற்றி மட்டும். சண்டை போட்ட கையோடு ராத்திரி உட்கார்ந்து நிரப்பினால், அந்த ஒரு ராத்திரிதான் தாளில் ஏறும். காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு 14 நாட்களையும் எண்ணுங்கள். ஒரு நாளும் இல்லை, அல்லது ஒரே நாள் என்றால் 0. 2 முதல் 6 நாள் என்றால் 1. 7 முதல் 11 நாள் என்றால் 2. 12 நாளோ அதற்கு மேலோ என்றால் 3. ‘பல நாட்கள்’ என்ற கட்டம் தமிழில் ஏமாற்றும். நம் காதில் அது கிட்டத்தட்ட தினமும் என்பதுபோல விழுகிறது, படிவத்திலோ அதற்கு 1 தான். எண்ணிப் போட்டால் குழப்பம் இல்லை.

தூக்கம், பசி பற்றிய கேள்விகள் இரண்டு பக்கமும் வெட்டும். விடிய விடியப் புரள்வதற்கும் மதிப்பெண் உண்டு, எழவே முடியாமல் படுத்துக் கிடப்பதற்கும் உண்டு. ‘நான்தான் பத்து மணி நேரம் தூங்குகிறேனே’ என்று 0 போட்டுவிடாதீர்கள். சோறு இறங்காததும், கை நிற்காமல் தின்றுகொண்டே இருப்பதும் அப்படித்தான். எட்டாவது கேள்வி, பிறர் கவனிக்கும் அளவுக்குப் பேச்சும் நடையும் மந்தமாகிவிட்டனவா, அல்லது நிலைகொள்ளாமல் தவிக்கிறீர்களா என்பது. வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது. ‘நைட் ஷிஃப்ட், அதனால்தான் தூக்கமில்லை’ என்று நீங்களே காரணம் சொல்லிக் கழிக்கவும் வேண்டாம். உள்ளதைப் போடுங்கள், காரணத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கூட்டுவதற்கு முன் ஒன்பதாவது கேள்வியைப் பாருங்கள். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்பது அது. அங்கே 0 தவிர வேறு எது இருந்தாலும், மொத்தம் 4 ஆக இருந்தாலும் சரி, அன்றைக்கே ஒருவரிடம் பேசியாக வேண்டும். மனநல உதவிக்கான தொலைபேசி எண்கள்: இந்தியாவில் 14416 (டெலி மானஸ்), இலங்கையில் 1926. உயிரை மாய்த்துக்கொள்ளும் வழியே மனதில் உருவாகியிருந்தால் தனியாக இருக்காதீர்கள். ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஒன்பது கேள்விக்கும் சேர்த்து அதிகபட்சம் 27. 5 முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் சற்றுக் கடுமை, 20 முதல் கடுமை. 10 வந்துவிட்டால் ‘எனக்கு டிப்ரெஷன்’ என்று முடிவு கட்டுகிறார்கள். அது சரியல்ல. 2001 ஆய்வில் 10 என்ற எல்லைக்கோடு, நோய் உள்ளவர்களில் 88 சதவீதத்தினரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாக விலக்கியது. நூறு பேரில் 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் சுமார் 9 பேர் கோட்டைத் தாண்டுவார்கள். மீதி 90 பேரிலும் சுமார் 11 பேர் தாண்டுவார்கள். ஆக, தாண்டிய 20 பேரில் பாதிக்கு மேல் நோய் இல்லாதவர்கள். ரத்தசோகையிலும் தைராய்டு குறைவிலும் அசதி, தூக்கக் குழப்பம், கவனச் சிதறல் எல்லாம் வரும், படிவத்துக்கு வித்தியாசம் தெரியாது. 9 வாங்கியவர் தப்பித்தார் என்றும் இல்லை. 9-க்கும் 10-க்கும் இடையே சுவர் ஒன்றும் கிடையாது.

கடைசியில் மதிப்பெண் இல்லாத ஒரு கேள்வி வரும்: இந்தத் தொல்லைகளால் வேலை செய்வதும் வீட்டைக் கவனிப்பதும் மற்றவர்களோடு பழகுவதும் எவ்வளவு கஷ்டமாகிவிட்டன? பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், மொத்த எண்ணைவிட டாக்டருக்கு அதிகம் சொல்வது இந்தப் பதில்தான். மொத்தம் 8 ஆனாலும் ‘மிகவும் கஷ்டம்’ என்று குறித்திருந்தால் போய்ப் பாருங்கள்.

தினமும் நிரப்புவதில் பயனில்லை, 13 நாட்கள் அதே நாட்கள்தானே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முடிந்தவரை அதே நேரத்தில் நிரப்பி, தேதி போட்டு வையுங்கள். ஓரிரு புள்ளி ஏறி இறங்குவதற்கெல்லாம் அர்த்தம் தேட வேண்டாம். 5 புள்ளி மாறினால் அது மாற்றம்.

இன்னொன்றை இந்தப் படிவம் கேட்பதே இல்லை. முன்பு எப்போதாவது பல நாட்கள் தொடர்ந்து, தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் செலவும் துணிச்சலும் கட்டுக்கடங்காமல் போன காலம் உண்டா? இருந்தால் அது இருதுருவக் கோளாறாக (பைபோலார்) இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு நிலைமை எதிர்ப்பக்கம் எகிறிவிடும். தாளின் பின்பக்கம் அதை எழுதி, எடுத்துவரும் மாத்திரைகளின் பெயர்களையும் குறித்து, தாளோடு டாக்டரிடம் கொடுங்கள்.