முன்சக்கர பேரிங் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கும் எங்கள் பழைய பிக்கப் வண்டியில், வேகம் கூடக்கூட முன்புறத்திலிருந்து ஒரு முனகல் எழுந்தது. ஜாக்கியில் ஏற்றி, தாங்கி வைத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது அது தெளிவாக அசைந்தது.

பிரேக் கேலிப்பரைக் கழற்றி, பிரேக் குழாயில் பாரம் விழாதவாறு கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பைக் கழற்றிப் பார்த்தால், உள் பேரிங்கின் உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. கோனை (உருளைகளோடு கூடிய உள்வளையத்தை) மட்டும் மாற்றி, ஹப்புக்குள் இருக்கும் பழைய கப்பை (வெளிவளையத்தை) விட்டுவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. தேய்ந்த கப்பின் மேல் ஓடும் புதிய உருளைகள் விரைவிலேயே கெட்டுவிடும் என்பதால், அதை நான் சிக்கனமாகக் கருதுவதில்லை. புதிய கப்பின் விளிம்பைச் சுற்றிலும் பித்தளைத் தண்டை வைத்துத் தட்டி இறக்கினேன். அடியில் போய் உட்கார்ந்ததும் தட்டும் ஓசையே மாறிவிடுகிறது. கிரீஸ் வெளியே கசியாமல் தடுக்கும் ஆயில் சீலும் புதியது.

கிரீஸை உருளைகளுக்கு இடையே புகும்வரை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் திணித்தேன். நட்டை, ஹப்பைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் இறுகும் அளவில் நிறுத்தி, நட்டு கழலாமல் தடுக்கும் புதிய ஸ்பிளிட் பின்னைச் செருகினேன். இந்த வகைக் கூம்பு உருளை பேரிங்கை அளவுக்கு மீறி இறுக்கினால், அது சூடேறியே அழியும்.